அத்தை என்னிடம் மறைத்த புண்

அத்தையின் இடது காலில் நான்கு விரல்கள்தான். சுண்டு விரலை 2016 ஆகஸ்டில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அந்த விரல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. எவ்வளவு என்று பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது, பூஜ்யம் மட்டும் வந்ததில்லை.

அத்தை அப்பாவின் மூத்த அக்கா. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, தேரிக்காட்டு ஓரமாக எங்கள் ஊர். செம்மணல் மேடு, பனை, நடுவில் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையின் கோயில். எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றும், குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம். வெளியூர் நண்பர்கள் குழம்பிப் போவார்கள். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். எங்கள் சேகரத்துக்கு ஏழெட்டு ஊர், ஐயர் ஒருத்தர். அவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது அப்பா. அந்த வீட்டில் பிறந்து, இருபது வயதுக்குள் நம்பிக்கை போய்விட்ட ஒருத்தன் நான்.

அத்தைக்கு வெகு காலமாகச் சர்க்கரை. அந்த வருடம் கோடையில் பக்கத்து டவுனில் மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் மேடையில் நின்று, சுகம் பெற்றவனுக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார். அத்தை வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டார். மே மாதம் லீவுக்கு நான் ஊருக்கு வந்தபோது அம்மா சொன்னார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தேன். "அத்தை, உங்க கர்த்தர் சர்க்கரையத் தீத்துட்டாரு, சரி. கண்ண மட்டும் ஏன் விட்டுட்டாரு? அந்தக் கண்ணாடியையும் கழத்தி அடுப்புல போட்டிருங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சித்தி மகன் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தான். அத்தையும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஜூலையில் செருப்பு வார் உரசி சுண்டு விரலில் புண். சர்க்கரை கூடிக் கிடந்தால் காலில் நரம்பு மரத்துவிடும், வலி தெரியாது. வலிக்காத புண்ணை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இரண்டு வாரத்தில் அது கறுத்திருக்கிறது. அப்போதாவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சேலையை இழுத்து இறக்கிக் கட்டிக்கொண்டு கோயிலுக்கும் கடைக்கும் போய் வந்திருக்கிறார். நாற்றம் வந்த பிறகுதான் அம்மா கண்டுபிடித்தார்.

வார்டில் கேட்டேன். "ஏன் அத்தை யார்கிட்டயும் சொல்லல?"

"உங்கம்மாட்ட சொன்னா உன்கிட்ட சொல்லுவா. நீ சிரிப்ப எய்யா."

நான் கேட்ட கண்ணாடிக் கேள்வி தப்பான கேள்வி இல்லை. இன்றைக்கும் அது நியாயமான கேள்வி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை அத்தையிடம் நான் கேட்கவே இல்லை. அத்தையை வைத்து, சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் கேட்டேன். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபட முப்பத்திரண்டு வயதாகிவிட்டது.

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தது திடப்படுத்தல் வகுப்பில், பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக்கத் தயார்படுத்தும் வகுப்பு அது. பதினைந்து வயது இருக்கும். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மிருகங்களைப் படைத்த பிறகு மனுஷன் வருகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மனுஷன் முதலில், பிறகு அவனுக்குத் துணை தேடும்போது மிருகங்கள். எது சரி என்று கேட்டேன். வகுப்பு எடுத்தவர், ஏதேனில் முதல் கேள்வி கேட்டது யார் என்று திருப்பிக் கேட்டார். சர்ப்பம். வகுப்பே சிரித்தது. பின்னாளில் அத்தைக்கு நான் செய்ததை அன்றைக்கு எனக்கு ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

அப்புறம் 2004. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். எங்கள் கரைப்பக்கம் சுனாமி பெரிதாக எதுவும் செய்யவில்லை. குமரி மாவட்டத்தில்தான் கொளச்சல், கொட்டில்பாடு என்று குடும்பம் குடும்பமாகப் போனது. நாகர்கோவிலில் படித்துக்கொண்டிருந்த நான் நண்பர்களோடு கொளச்சலுக்குப் போனேன். உதவி என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை, மூட்டை தூக்கினோம். மொத்தமாகக் குழி தோண்டிப் புதைத்ததைப் பார்த்தேன். கிறிஸ்மஸுக்கு எடுத்த புதுச் சட்டையோடு கிடந்த பிள்ளைகள் அவை.

ஐந்து நாள் கழித்து எங்கள் கோயிலில் வருஷப் பிறப்பு ஆராதனை. நள்ளிரவுக்கு முன்னால் சாட்சி சொல்லும் நேரம், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். வயதான ஒருவர் எழுந்து, அலை நம்மைத் தொடாமல் கர்த்தர் காத்தார் என்று அழுதுகொண்டே சொன்னார். நான் எழுந்து நின்று, "அப்போ கொளச்சல்காரனக் கொன்னது யாரு?" என்று கத்தினேன். பீடத்துக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அன்று ஆராதனை நடத்தியது அவர். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

இந்தக் கேள்வியும் புதிது கிடையாது. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், காலை நேரம். லிஸ்பன் நகரத்தில் ஜனங்கள் கோயில்களில் நிறைந்திருக்கும்போது பூமி அதிர்ந்தது. ஐரோப்பா முழுக்க இதே கேள்வியைக் கேட்டது. இதையெல்லாம் பிறகு படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பலம் கூடியது. வாய் நீண்டது என்றும் சொல்லலாம்.

அந்த நாட்களில் என் நாயகர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாக்காரர், சபைப் போதகரின் மகன், இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தவர். அற்புதம் செய்து காட்டுகிறவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டு, 1978இல் சாகும்வரை யாருக்கும் கொடுக்காதவர். போதகர் வீட்டுப் பிள்ளை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தச் சவாலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களையும், கல் விழுகிற வீடுகளையும் அவர் தேடிப் போனதும், அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டதும் நான் படித்த அதே புத்தகங்களில்தான் இருந்தன. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

வீட்டுக்குள் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு மாதிரியாகத்தான் போனது. குடும்ப ஜெபம் ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போவேன். சத்தம் வரும்படி கதவைச் சாத்துவேன். வாட்ஸ்அப் வந்த பிறகு இன்னும் மோசம். பரிணாமம் பொய் என்று பெரியப்பா மகன் அதிகாலையில் ஒரு வீடியோ போட்டால், நான் பதினொரு பத்தி பதில் எழுதுவேன். மூன்று பேர் குரூப்பை விட்டுப் போனார்கள். யாருடைய மனமும் மாறவில்லை, என்னுடையதும்தான்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

விரலை எடுத்த பிறகும் அத்தை இன்சுலின் போட மறுத்தார். "என் விசுவாசம் போதல, அதான் விரல் போச்சு. இப்ப ஊசியும் போட்டா மொத்தமும் போயிரும்" என்றார். டாக்டர் சொல்லிப் பார்த்தார். நான் போனில் படம் எல்லாம் காட்டி, குளுக்கோஸ் என்றால் என்ன, ரத்தக்குழாய் என்ன ஆகும் என்று சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா இரண்டு நாள் அந்தக் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. கஞ்சி வாங்கி வருவார், ஆற்றிக் கொடுப்பார், உட்காருவார். மூன்றாம் நாள் சாயங்காலம் வேதத்தை எடுத்து ஏசாயா 38ஐ வாசித்தார். ராஜா எசேக்கியா சாகக் கிடக்கிறான். அழுது ஜெபிக்கிறான். பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் சொல்லியனுப்புகிறார்.

"அக்கா, கர்த்தர் சொல்லியாச்சுல்லா? சொன்ன பொறவும் ஏசாயா என்ன செஞ்சாரு? அத்திப்பழத்த அடையாத் தட்டி, பிளவை மேல பத்துப் போடுங்கன்னாரு. கர்த்தர் சொன்ன பொறவு மருந்து எதுக்குன்னு ஏசாயா கேக்கல. எசேக்கியாவும் கேக்கல. நீ ஏன் கேக்க?"

பிளவை என்ற சொல்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் சர்க்கரைக்காரர்களுக்கு முதுகில் வருவதை ராஜபிளவை என்பார்கள். அத்தையின் மாமனார் அதில்தான் போனார். அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாசரேத்து ஆஸ்பத்திரிக்குக் கூட லூக்கா பேருதான வெச்சிருக்கான்" என்றார். லூக்கா வைத்தியர் என்று வேதத்திலேயே இருக்கிறது. மறுநாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டார்.

நான் வராந்தாவில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷத்தோடு எரிச்சலும் இருந்தது. அத்திப்பழக் கதையைச் சொல்லி இன்சுலினுக்குச் சம்மதம் வாங்குவது எனக்குக் குறுக்கு வழியாகப் பட்டது. நாளைக்கு வேறொருவர் வேறொரு வசனத்தைக் காட்டி ஊசியை நிறுத்தச் சொன்னால்? அப்பாவிடம் கேட்டேன். "நிறுத்தச் சொன்னவன் வெச்சுக் காட்டுனதும் வசனம்தானல. அதான் வசனத்தாலயே எடுக்க வேண்டியிருக்கு. நீ இடுக்கி இல்லாம முள்ளெடுக்கப் பாக்க" என்றார். இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அத்தையிடம் அன்று எடுபட்டது அந்தப் பேச்சு ஒன்றுதான், என்னுடையது இல்லை.

அந்த அக்டோபரில் அப்பாவே போனில் ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு, வாரம் ஒரு அதிகாரம், இரண்டு பேரும் வாசித்துவிட்டுப் பேசுவது. புத்தகம் அவர் தேர்ந்தெடுத்தது, வேதத்தில் உள்ள யோபு. 42 அதிகாரம். என்னை மாற்றப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "ஆசை இருக்கு. ஆனா அதுக்கு இது இல்ல. நீ என்ன நினைக்கன்னே எனக்குத் தெரியாது, பன்னெண்டு வருசமா நீ கதவச் சாத்துற சத்தந்தான் கேட்டிருக்கேன்" என்றார். ஆசையை மறைக்காமல் சொன்னதால்தான் ஒத்துக்கொண்டேன். மாற்றும் எண்ணம் துளியும் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நானும் யாரிடமாவது இதைப் பேசும்போது அப்படியே செய்கிறேன். நீங்கள் என் பக்கம் வந்தால் சந்தோஷப்படுவேன், வராவிட்டாலும் காப்பி உண்டு.

அப்பா முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். அவருடைய முறை வாத்தியார் முறை. அவர் ஒன்றைச் சொன்னால் நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் 'சரி' என்று சொன்ன பிறகுதான் நான் என் பதிலைச் சொல்லலாம். நான் சொன்னாலும் அவருக்கு அதே விதி. சின்ன விஷயம் போலத் தெரியும். முதல் மாதம் முழுக்க எனக்கு 'சரி' கிடைக்கவே இல்லை. "நான் அப்படிச் சொல்லல. நீ மனசுல வெச்சிருக்க வேற ஒருத்தன் சொல்லுதான்" என்பார். அவர் சொன்னதில் கொஞ்சம் மடத்தனத்தைக் கலந்துதான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. நீங்களும் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். எதிராளி சொன்னதை அவர் ஒத்துக்கொள்கிற மாதிரி திருப்பிச் சொல்வது, அவரைத் தோற்கடிப்பதைவிடக் கஷ்டம். அவருக்கும் சுலபமாக இல்லை. "கடவுள் இல்லேன்னா எது வேணும்னாலும் செய்யலாம்னு சொல்லுத" என்றார் ஒருநாள். நான் சொல்லவில்லை. மூன்று தடவை முயன்ற பிறகு, "கடவுள் பாக்குறாருங்கறதுக்காக இல்லாம, எதுத்தாப்ல இருக்கவனுக்கு வலிக்கும்ங்கறதுக்காகச் செய்யாம இருக்கணும்னு சொல்லுத" என்றார். சரி என்றேன். அவருக்கு என் 'சரி'யில் ஒரு சந்தோஷம். குரலில் தெரிந்தது.

இன்னொன்றும் அவர் திருத்தியதுதான். "நம்பலேன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். இல்லேன்னு சொன்னா அதுக்கு நீ கணக்குக் காட்டணும். ஒண்ணு உன்னப்பத்தி, இன்னொண்ணு உலகத்தப்பத்தி." எனக்கு இதில் தத்துவ ரீதியாகப் பதில் உண்டு, சொல்லவும் சொன்னேன். ஆனால் நடைமுறையில் அவர் சொன்னது உதவுகிறது. 'எனக்கு நம்ப முடியவில்லை' என்று ஆரம்பித்தால் அத்தைமார்கள்கூட உட்கார்ந்து கேட்கிறார்கள். 'கடவுள் இல்லை' என்று ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

யோபுவுக்கு வந்த நண்பர்கள் மூன்று பேர். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் பருவோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்க வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதான் இப்படி என்று கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அந்த மூன்று பேர் மேல். கடவுளை நாள் முழுக்கக் கேள்வி கேட்ட யோபு சரியாகப் பேசினான் என்கிறார். நாத்திகனான எனக்கு இந்தப் புத்தகத்தில் இது இருப்பதே தெரியாது. ஞாயிறு பள்ளியில் யோபு பொறுமைசாலி என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் அந்த ஆள் பொறுமையாக இருப்பது முதல் இரண்டு அதிகாரம்தான்.

நடுவில் எங்கோ ஒரு சனிக்கிழமை கேட்டேன். "அப்பா, உங்களுக்குச் சந்தேகம் வந்ததே இல்லையா?" வந்திருக்கும், ஒத்துக்கொள்வார், அதிலிருந்து ஒரு பாலம் போடலாம் என்று எனக்கு ஒரு திட்டம் இருந்தது.

"சந்தேகம் வந்ததே இல்ல. கோவந்தான் வந்திருக்கு."

எனக்கு முன்னால் பிறந்து எட்டு மாதத்தில் இறந்துபோன அக்கா ஒருத்தி உண்டு. வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அவள் போன பிறகு இரண்டு வருஷம் அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார், ஆராதனை நடத்தியிருக்கிறார், பாட்டு மட்டும் பாடவில்லை. சபை எழுந்து நின்று பாடும்போது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். "அவர் இருக்காருன்னு தெரியும். பேச்சுவார்த்த இல்லாம இருந்தேன்" என்றார், பங்காளியோடு சண்டை போட்டதைச் சொல்வது போல.

அவரிடம் வருடக்கணக்காக நான் வாதாடியது, அவர் கேட்டே இராத ஒரு கேள்விக்கு. கடவுள் இருக்கிறாரா என்பது அவருக்குப் பிரச்சினையாகவே இருந்ததில்லை. அப்பா இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் வராதது மாதிரி.

இன்னொரு சனிக்கிழமை, அந்த வருஷப் பிறப்பு ராத்திரியைப் பற்றிப் பேச்சு வந்தது. சாட்சி சொன்ன பெரியவரின் மகன் தூத்துக்குடித் தோணியில் வேலை செய்தவர். சுனாமி அன்று அவர் கடலில் இருந்தார். கரையில் நான்கு நாள் தகவல் இல்லை. முப்பதாம் தேதி போன் வந்திருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி அந்த மனிதர் எழுந்து நின்று அழுதது அதற்குத்தான். மகன் உயிரோடு வந்ததைச் சொல்ல அவருக்குத் தெரிந்த மொழி அது ஒன்றுதான். நான் அதை உலகத்தைப் பற்றிய ஒரு கொள்கை விளக்கமாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். பெரியவர் 2011இல் இறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க முடியாது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். 'கர்த்தர் காத்தார்', 'சாமி புண்ணியத்துல', 'அல்லா காரணம்' என்று யாராவது சொன்னால், கடவுளைப் பற்றி எதுவும் கேட்காமல், என்ன நடந்தது என்று கேட்கிறேன். பத்தில் ஒன்பது தடவை ஒரு மகனோ, ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டோ, கடனோ வெளியே வருகிறது. அப்புறம் பேச்சு தானாக எங்கோ போய்விடுகிறது.

எங்கள் யோபு இழுத்துக்கொண்டே போய் முடிந்தது 2017 டிசம்பரில். நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் கடலில் மாண்டிருந்தார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. வருஷப் பிறப்பு ஆராதனைக்குப் பதின்மூன்று வருஷம் கழித்துப் போனேன், கடைசி பெஞ்சில். சாட்சி நேரத்தில் அப்பா யாரையும் எழுப்பவில்லை. குமரிக் கரையில துக்கத்துல இருக்கவங்களுக்காக நிப்போம் என்றார். நின்றார்கள். ஜெபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாலைந்து நிமிஷம் கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஒரு குழந்தை அழுதது. பிறகு பாட்டு எண்ணைச் சொன்னார். நான் கண்ணைத் திறந்துகொண்டு நின்றேன், பாடினேன்கூட. அந்தக் கீர்த்தனை ராகங்கள் உடம்பில் ஊறியவை, நம்பிக்கை போனாலும் அவை போவதாக இல்லை. "அப்போ ஏம்ல பாடுத?" என்று வீட்டுக்கு வந்து கேட்டார். பதில் தெரியவில்லை. நல்ல கேள்வி என்று மட்டும் சொன்னேன்.

இப்படிச் சொல்லும்போது எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று தோன்றலாம். இல்லை. மருந்தை நிறுத்தச் சொன்னால் சண்டை போடுவேன். கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று நம்பி, நகையை அடகு வைத்து 'விதைக் காணிக்கை' கொடுத்த ஒரு தங்கச்சி வீட்டில் போன வருடம் குரலை உயர்த்தினேன். ஆனால் சண்டையின் எல்லையைச் சுருக்கிக்கொண்டேன். மாத்திரைக்காகச் சண்டை என்றால் மாத்திரையோடு நிற்கும், உலகம் எப்படி உண்டானது என்பதற்குப் போகாது. அடகுக் கடை வட்டி என்றால் வட்டிக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டுவேன், அவ்வளவுதான். கடவுளை இழுத்தால் எதிராளி கடவுளைக் காப்பாற்றப் போய்விடுகிறார், நகை மறந்து போகிறது.

என் மனைவி விசுவாசி. கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. முன்னதாக ஐயரைத் தனியாகப் பார்த்து, என்னால் திருவிருந்து, அதாவது ஆராதனையில் கொடுக்கும் அப்பமும் ரசமும், எடுக்க முடியாது, எடுத்தால் பொய்யாகிவிடும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சொன்னதுக்கு நன்றி, திருவிருந்து இல்லாமலே ஆராதனையை வைப்போம் என்றார். மகள் ஓய்வுநாள் பள்ளிக்குப் போகிறாள். எட்டு வயதில் ஒரு ராத்திரி தூங்காமல் அழுதாள். நம்பாதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று அங்கே பாடம் எடுக்கும் அக்கா சொன்னாளாம், அப்பா நீங்க? பழைய ஆளாக இருந்தால் மறுநாள் காலையில் கோயில் வாசலில் நின்றிருப்பேன். அவளிடம், தாத்தா என்ன சொல்வார் என்று நினைக்கிறாய் என்று கேட்டேன். ராத்திரி பத்து மணிக்குத் தாத்தாவுக்குப் போன் போட்டாள். "உங்கப்பன எங்கயும் அனுப்ப விடமாட்டேன், நீ தூங்கு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த ஞாயிறு அந்த ஆசிரியையைப் பார்த்தேன். பத்தொன்பது வயதுப் பெண். குழந்தை ராத்திரி அழுதாள் என்று மட்டும் சொன்னேன். "எங்க வகுப்புல எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தாங்க அண்ணே. நானும் அழுதிருக்கேன்" என்றாள். அதன்பிறகு அவள் அதைச் சொல்வதில்லை.

அப்பா ஒருமுறை, "உங்க ஆளு பெரியாரு, ராஜாஜி செத்தப்போ சுடுகாட்டுல வந்து அழுதாருல்லா?" என்றார். அழுதார். 1972 டிசம்பர், தொண்ணூற்று மூன்று வயதில், சக்கர நாற்காலியில் வந்து. அதற்காக இருவரில் யாரும் தம் கொள்கையில் ஓர் அங்குலம்கூடக் குறைத்துக்கொண்டதில்லை என்றேன். "அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார்.

அத்தைக்கு இப்போது எழுபத்தாறு. எம்.சி.ஆர். செருப்பு போடுகிறார், சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற செருப்பு. நான் ஊருக்குப் போனால் முதல் வேலை அவர் காலைப் பார்ப்பது. திண்ணையில் உட்கார்ந்து காலைத் தூக்கி என் மடியில் வைத்துவிடுவார். போன் வெளிச்சத்தை அடித்து, விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகக்கண் எல்லாம் பார்ப்பேன். பேனா முனையை மெதுவாக வைத்து, தெரிகிறதா என்று கேட்பேன். தெரிகிறது, தெரியவில்லை என்று சொல்வதற்கு நடுவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு எனக்காகச் சத்தமாக ஜெபம் பண்ணுவார். வழிதப்பின ஆடு, திரும்பி வரட்டும், எல்லாம் வரும். நான் வேலையைப் பார்ப்பேன்.

போன மாதம் ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது. இடது கால் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"அத்தை, ஆமென் சொல்லியாச்சுன்னா அடுத்த காலக் காட்டுங்க."

"இரு எய்யா, இன்னும் உன் வேல விஷயம் பாக்கி இருக்கு" என்றார், கண்ணைத் திறக்காமலே.